ஸ்டென்டர் யாருக்காக இழுக்கிறது?

சிங்கப்பூரின் தோ பாயோவில் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பின்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாலும், சமையலறைச் சன்னல்களுக்கு வெளியே மூங்கில் கழிகளில் டி-சர்ட்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். கழியை உள்ளே இழுத்துத் துணி மடிப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஐந்தாறு முறை துவைத்தபின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறது, கீழ் மடிப்பு நெளிகிறது, மார்பளவு சுருங்குகிறது. பழி சலவைத் தூள் மேலும் துவைக்கும் இயந்திரத்தின் மேலும் விழுகிறது. ஆனால் பல ஆடைகளுக்கு இந்த முடிவு ஆலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுவது ஸ்டென்டர் என்னும் துணி விரிக்கும் இயந்திரம்.

தொழிலில் கடந்த சில பத்தாண்டுகளில் மிக அதிகமாக மேம்பட்ட இயந்திரங்களில் இதுவும் ஒன்று. அந்த மேம்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் கணக்குப் புத்தகமே முடிவு செய்கிறது.

ஸ்டென்டரில் இரு பக்கமும் சங்கிலிகள் ஓடும். அவற்றில் உள்ள ஊசிகளோ கிளிப்புகளோ ஈரத் துணியின் இரு கரைகளையும் பிடித்து, வேண்டிய அகலத்துக்கு விரித்து, சுடுகாற்று வீசும் அறைகளின் வழியே கொண்டுபோகும். ஓர் அறை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். பெரிய இயந்திரங்களில் எட்டு, பத்து அறைகள் இருக்கும். பருத்தியைக் காயவைக்க 150 டிகிரி அளவு வெப்பம் போதும். பாலியெஸ்டர் துணியின் உருவை நிலைப்படுத்த 180 முதல் 200 டிகிரி வரை வேண்டும். தமிழ்நாட்டின் திருப்பூரில் நிட்டிங், டையிங் முடிந்து வரும் துணி இதில் விரிந்து காய்ந்து, பிறகு துணியை நெருக்கும் காம்பாக்டிங் இயந்திரத்துக்குப் போகும். குழாய் வடிவிலேயே முடிக்கும் துணிக்கு ஸ்டென்டர் இல்லை. உள்ளிருந்து விரிக்கும் சட்டம் அங்கே இதே வேலையைச் செய்கிறது.

இந்த இழுவை தேவைதான். சாயத் தொட்டியில் துணி கயிறாகத் திரண்டு மணிக்கணக்கில் சுழல்கிறது. வெளியே வரும்போது நீளத்தில் நீண்டு, அகலத்தில் ஒடுங்கி, ஆங்காங்கே முறுக்கேறி இருக்கும். அதை அப்படியே வெட்டு மேசையில் அடுக்கினால் அடுக்குக்கு அடுக்கு அகலம் மாறும். ஒரே அளவென்று வெட்டிய இரண்டு கைகள் இரண்டு அளவில் இருக்கும். துணியைச் சமப்படுத்தி, ஒரே அகலத்தில், ஒரே ஈரத்தில், நேரான வரிசைகளோடு கொடுக்கும் வேலையை ஸ்டென்டர் அளவுக்குச் செய்ய வேறு இயந்திரம் இல்லை. நல்ல ஆபரேட்டர் நல்ல ஸ்டென்டரில் முடித்த துணியை விரலால் தொட்டாலே வேறுபாடு தெரியும்.

சிக்கல் வியாபாரக் கணக்கில் தொடங்குகிறது. பின்னல் துணிக்குக் கிலோ கணக்கில் விலை பேசுகிறார்கள். ஆடையை எண்ணிக்கையில் விற்கிறார்கள். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியை அகலத்தில் ஐந்து விழுக்காடு கூடுதலாக விரித்தால், ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ 171 கிராமுக்கு இறங்கும். ஒரு டன் துணி 5,556 சதுர மீட்டருக்குப் பதிலாக 5,833 சதுர மீட்டராக விரிகிறது. ஒரு டி-சர்ட்டுக்கு வெட்டுச் சேதாரத்தோடு 1.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு முழம் நூல்கூடச் சேர்க்காமல் இருநூற்றைம்பது டி-சர்ட் அதிகம். ஒப்பந்தங்களில் ஜி.எஸ்.எம். ஐந்து விழுக்காடு ஏறி இறங்கலாம் என்று எழுதுவது வழக்கம் என்பதால், இழுத்த துணி சோதனையிலும் தப்பிவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் நெய்த துணியில் இதே ஆசை நீளவாக்கில் வேலை செய்கிறது.

துணி இந்த இழுவையை மறப்பதில்லை. நீர் பட்டதும் பின்னல் வளையங்கள் தளர்ந்து தங்கள் பழைய உருவைத் தேடிப் போகின்றன. பாதி மார்பளவு 50 செ.மீ. உள்ள சட்டையில் ஐந்து விழுக்காடு போனால் இரண்டரை செ.மீ. குறையும். ஆலை லாபமாக எழுதிக்கொண்ட அதே பரப்பை, வாங்கியவர் முதல் மாதத் துவையலில் இழக்கிறார்.

இது புதிய தந்திரமும் இல்லை. இங்கிலாந்தில் கம்பளித் துணியைக் கொக்கிகள் பதித்த மரச்சட்டங்களில் மாட்டித் திறந்தவெளியில் இழுத்துக் காயவைத்தார்கள். ஸ்டென்டரின் மூதாதை அந்தச் சட்டம்தான். வடபகுதி நெசவாளர்கள் துணியை ஏமாற்றாக இழுத்து நீட்டுகிறார்கள் என்று 1597இல் எலிசபெத் அரசி காலத்து நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு தடைச்சட்டம் இயற்றியது. மரம் எஃகானது, வெயிலுக்குப் பதில் சுடுகாற்று வந்தது. ஆசையின் கணக்கு மட்டும் மாறவில்லை.

உண்மையான திருப்பம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ட்ராய் நகரத்துக் க்ளூயெட் பீபாடி நிறுவனத்தில் இருந்த சான்ஃபர்ட் க்ளூயெட், ஆலைக்குள் துணி எல்லாக் கட்டத்திலும் நீளவாக்கில் இழுபடுவதைக் கவனித்தார். துவையலில் சுருங்கப்போவதை ஆலையிலேயே சுருக்கிவிடலாமே என்று யோசித்தார். தடித்த, நெகிழும் பட்டை உருளையில் வளையும்போது அதன் மேற்புறம் நீளும், நிமிரும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தோடு துணியையும் நெருக்கினால் இழைகள் தாங்களே அடர்ந்துகொள்ளும். 1930இல் காப்புரிமை பெற்ற இந்த முறை சான்ஃபரைசிங் என்ற பெயரில் உலகெங்கும் போனது. திருப்பூரின் காம்பாக்டிங் இயந்திரமும் இதே நெருக்கும் கருத்தைப் பின்னலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதுதான். துணி முடிக்கும் தொழிலில் நுகர்வோர் பக்கம் நின்று செய்த கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டென்டரிலும் இதற்கு இணையான வசதி உண்டு. ஓவர்ஃபீட் என்பார்கள். சங்கிலி ஓடும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் துணியை ஊட்டினால், நீளத்தில் தளர்வோடு ஊசியில் ஏறும். அகலத்தில் விரியும்போது நீளம் சுருங்க இடம் கிடைக்கும். இன்றைய இயந்திரங்களில் இதை விழுக்காட்டில் துல்லியமாக வைக்கலாம். ஆனால் ஓவர்ஃபீட் கூடினால் ஜி.எஸ்.எம். கூடும்; டன்னுக்குக் கிடைக்கும் ஆடை குறையும். எனவே கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த எண்ணை வைப்பவர் ஆபரேட்டராக இருந்தாலும், அதைச் சொல்பவர் வேறொருவர்.

துணியின் கோணலைக் கண்காணிக்கும் கேமரா விஷயமும் அப்படியே. ஜெர்மனியின் மாலோ போன்ற நிறுவனங்களின் கருவிகள் துணியின் குறுக்கு வரிசைகள் வளைந்திருக்கின்றனவா, சாய்ந்திருக்கின்றனவா என்று ஓட்டத்திலேயே கண்டறிந்து, உருளைகளைத் திருப்பி நேராக்குகின்றன. கோடு போட்ட துணிக்கு இது வரம். ஆனால் சிங்கிள் ஜெர்சி என்னும் டி-சர்ட் துணியில் வரும் கோணல் பெரும்பாலும் நூலின் முறுக்கிலிருந்து பிறக்கிறது. அந்தக் கோணலை ஸ்டென்டரில் வலிந்து நிமிர்த்தினால் கடையில் தொங்கும்வரை நேராக இருக்கும்; துவைத்ததும் திரும்பிவிடும். வயிற்றுப் பக்கம் போகும் பக்கத் தையலின் கதை பெரும்பாலும் இதுதான். ஒரே கருவி ஒருவர் கையில் குறையைக் களைகிறது, இன்னொருவர் கையில் மறைக்கிறது. நூலில் முறுக்கைக் குறைப்பதும், நிட்டிங்கிலேயே கவனம் வைப்பதும் செலவு. ஆகவே கடைசி இயந்திரத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஸ்டென்டர் உண்மையில் எரிபொருளைத் தின்னும் இயந்திரம். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 540 கிலோ கலோரி வேண்டும். புகைபோக்கி வழியே வெளியேறும் சூடான காற்று அதன்மேல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நுழைவாயிலில் பிழியும் உருளைகள் சரியாக இருந்து, துணியில் மிஞ்சும் நீர் எடையில் 80 விழுக்காட்டிலிருந்து 70 ஆக இறங்கினால், எரிபொருளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்கேயே மிச்சம். உருளையின் ரப்பரைக் காலத்தில் தேய்த்துச் சீராக்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

இன்னொரு வீண், மிகையாகக் காயவைப்பது. பருத்தி இயல்பாகவே காற்றிலிருந்து ஏழெட்டு விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். அதை இரண்டு விழுக்காடு வரை வறட்டினால், கிடங்கில் கிடக்கும்போது துணி திரும்பவும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். செலவழித்த எரிபொருள் திரும்பாது, துணியின் மென்மையும் போகும். வெளிவாயிலில் ஈரமானி வைத்து, அது சொல்லும்படி வேகத்தை மாற்றினால் எரிபொருளும் மிச்சம், உற்பத்தியும் கூடும். இருக்கும் பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு கருவியைச் சேர்க்கப் பணம் உள்ளவருக்கு நான் இதையே முதலில் சொல்வேன், கேமரா அடுத்தது. வெளியேறும் காற்றின் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் கருவிகள் தாளில் அழகாக இருக்கின்றன. ஆனால் பஞ்சுத் தூசும் எண்ணெய்ப் புகையும் குழாய்களில் படிந்து அடைத்துவிடுகின்றன. அந்தப் படிவு தீப்பிடிக்கக் கூடியதும்கூட. ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஆளும் நேரமும் ஒதுக்காத பட்டறைக்கு இந்தக் கருவியைத் தள்ளிவிடுவது ஆபத்தை விற்பதாகும். ஏன், காற்று வடிகட்டியை ஒரு ஷிப்ட்டுக்குள் பலமுறை துடைக்காவிட்டால் இடப்பக்கமும் வலப்பக்கமும் காற்று மாறி வீசி, ஒரே துணியின் இரு கரைகளும் வேறு வேறு அளவில் காய்கின்றன. விலை உயர்ந்த எந்த மென்பொருளாலும் அந்தத் துடைப்பத்தின் வேலையைச் செய்ய முடியாது.

இந்திய அரசின் உதவி எந்தப் பக்கம் போனது? 1999 ஏப்ரலில் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், புதிய இயந்திரக் கடனுக்கான வட்டியில் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளை ஈடுசெய்தது. நல்ல இயந்திரங்கள் தமிழ்நாட்டுக்கு வர அது வழி திறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உதவி கடன் தொகையை அளந்தது. மிச்சமான எரிபொருளையோ, துவைத்தபின் துணி காத்த அளவையோ அளக்கவில்லை. இயந்திரம் வந்தது, அதை ஓட்டுபவருக்கான படிப்பு அதே வேகத்தில் வரவில்லை.

திருப்பூர் கட்டாயத்தின் பேரில் மாறக்கூடிய ஊர் என்பதற்குச் சான்று உண்டு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவில் கெட்டபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு வந்த பிறகே திரும்ப ஓடின. தண்ணீரை அளக்கத் தொழில் பழகியது அப்படித்தான். இழுவைக்கு அப்படியொரு கட்டாயம் எழவில்லை. அதனால் சாகும் ஆறு எதுவும் இல்லை, ஏமாறுபவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் தோ பாயோவிலும் தேக்காவிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்த தையல் ஆலைகள் கூலியும் நிலமும் ஏறியதால் அண்டை நாடுகளுக்கு நகர்ந்துவிட்டன. ஆடை ஏற்றுமதிக் கோட்டா முறையும் 2005 பிறந்தபோது முடிவுக்கு வந்தது. எஞ்சியிருக்கும் வலிமை கொள்முதல். துணியின் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் இடம் இது. 2012 செப்டம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத் திருத்தத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, எதிர்ச்சான்று இல்லாவிட்டால், கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் இரண்டரை செ.மீ. சுருங்கிய சட்டைக்காக யாரும் முறையிடப் போவதில்லை. ஆகவே காவல் கொள்முதல் ஆணையில்தான் நிற்க வேண்டும்.

அதில் எழுத வேண்டியது அதிகமில்லை. ஜி.எஸ்.எம். அளவை ஸ்டென்டர் வாயிலில் எடுக்காமல், துவைத்துத் தளர்ந்த துணியில் எடுக்கட்டும். சுருக்கத்தை நீளம், அகலம் என்று தனித்தனியே வரம்பிடட்டும். சோதனையில் துணியை உலர்த்தும் முறை, இங்கே மக்கள் உலர்த்தும் முறையாக இருக்கட்டும். கழியில் தொங்கி உலரும் சட்டையும் சூட்டு டிரையரில் உருண்டு உலரும் சட்டையும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வெட்டுவதற்கு முன் துணியைப் பிரித்து ஒரு நாள் கிடத்தி வைக்க வேண்டும் என்றும் சேர்க்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. திருப்பூரில் துணி முடித்துக் கொடுப்பவர்களில் பலர் ஜாப் ஒர்க் செய்பவர்கள். கூலி கிலோவுக்கு இவ்வளவு. வேகத்தைக் குறைத்து, ஓவர்ஃபீட்டைக் கூட்டி ஓட்டுபவருக்கும், இழுத்துத் தள்ளுபவருக்கும் அதே கூலி என்றால் முதலாமவர் ஏன் தொடர வேண்டும்? கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தால், இருநூறு கிராம் துணி பிடிக்கும் ஒரு டி-சர்ட்டுக்கு அது நாற்பது காசு. சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு சென்ட்கூட இல்லை. அந்தத் தொகையை ஆணையிலேயே தனி வரியாக எழுதி, ஆடை ஏற்றுமதியாளர் கையில் தங்காமல் ஸ்டென்டர் ஓட்டும் பட்டறைக்குப் போய்ச் சேரும்படி செய்வது கொள்முதல் அலுவலகங்களால் இன்றே முடியும்.