சிப்பிப்பாறையின் கடைவாய்க்கு எட்டாத விரல் தூரிகை

நாய்களுக்கான பல் பராமரிப்புத் தொகுப்பு என்ற பெயரில் திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் இருக்கின்றன: இறைச்சி மணமூட்டிய பற்பசைக் குழாய், இரு முனைகளிலும் தலை கொண்ட நீளமான பிரஷ், ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கோன் உறை. இவற்றின் விலையும் எடையும் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருப்பதால் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. அத்தகைய ஒரு தொகுப்பைச் சில வாரங்கள் நாள்தோறும் ஒரு சிப்பிப்பாறை நாயிடமும் ஒரு நாட்டு நாயிடமும் பயன்படுத்திப் பார்த்ததில், அதன் நிறைகுறைகள் எல்லாம் அந்த விரல் உறையைச் சுற்றியே அமைகின்றன என்பது தெளிவாகிறது. மிக எளியது என்று விற்பவர் முதலில் எடுத்துக் காட்டுவதும் அந்த உறையைத்தான். மிகவும் துலக்கப்பட வேண்டிய பல்லைத் துலக்காமல் விட்டுவிடுவதும் அந்த உறைதான்.

அந்தப் பல் எது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. வளர்ந்த நாய்க்கு மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22 என மொத்தம் 42 பற்கள் உண்டு. அவற்றுள் மேல்தாடையின் இரு பக்கங்களிலும் அமைந்த நான்காம் முன்கடைவாய்ப் பல், கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லோடு கத்தரி அலகுகள் உரசுவது போல உரசி இறைச்சியைத் துண்டாக்குகிறது. காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் இந்த மேற்பல்லுக்கு அருகிலேயே கன்னத்தின் உட்புறத்தில் திறப்பதாலும், நாயின் உமிழ்நீர் மனித உமிழ்நீரைவிடக் காரத்தன்மை மிகுந்திருப்பதாலும், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வேறெந்தப் பல்லிலும் படிவதற்கு முன்பு இங்கே படிகிறது. உணவு உண்ட சில மணி நேரத்தில் நுண்ணுயிர்களாலான பற்படலம் உருவாகிறது. துலக்காமல் விட்டால் ஓரிரு நாள்களில் அது இறுகத் தொடங்கிப் பற்காரை எனப்படும் மஞ்சள், பழுப்பு நிறப் படிவாக மாறுகிறது. இறுகிய காரையை எந்தப் பிரஷாலும் அகற்ற முடியாது. ஆகவே வீட்டில் நாயின் பல்லைத் துலக்குவதன் நோக்கம் முழுவதும், படலம் காரையாவதற்கு முன் அதைத் துடைத்தெடுப்பதுதான். அதிலும் அந்த நான்காம் பல்லின் வெளிப்புறத்தில் துடைத்தெடுப்பதுதான்.

விரல் உறை தோற்கும் இடம் துல்லியமாக இதுவே. சிப்பிப்பாறையும் அதன் இனத்துணையான கன்னியும், முகவாய் குறுகி நீண்டு, கன்னத்தோல் பல்லோடு ஒட்டி, சதைப்பற்று மிகக் குறைந்து காணப்படும் வேட்டை நாய்கள். விரலின் பருமனோடு சிலிக்கோனின் பருமனும் சேரும்போது, கன்னத்துக்கும் கடைவாய்க்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் அது நுழைய வேண்டுமானால் உதட்டின் மூலையைப் பின்னோக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. இழுத்தவுடன் நாய் தலையைத் திருப்பிக்கொள்கிறது, மீண்டும் முயன்றால் எழுந்து போய்விடுகிறது. கோரைப் பற்களும் முன்பற்களும் மட்டும் பளிச்சென்று துலங்க, துலக்குபவருக்கு வேலை முடிந்த மனநிறைவு ஏற்பட, பின்னே காரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. முகவாய் சற்றே அகன்ற நாட்டு நாயிடம் விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே செல்கிறது. ஆனால் அங்கும் கடைசிப் பற்களைத் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை உறையின் முட்களில் இருக்கிறது. அவை இழைகள் அல்ல, மழுங்கிய சிலிக்கோன் முனைகள். பல்லின் மேற்பரப்பைத் துடைக்க அவை போதும். ஆனால் ஈறு நோய் தொடங்குவது மேற்பரப்பில் அன்று, பல்லும் ஈறும் சந்திக்கும் ஓரத்தில் உள்ள மிகச் சிறிய பள்ளத்தில். மென்மையான நைலான் இழை அப்பள்ளத்துக்குள் சற்றே இறங்கிப் படலத்தை வெளிக்கொணர்கிறது. சிலிக்கோன் முனையோ அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. ஈறு சிவந்து வீங்கும் தொடக்கநிலை அழற்சியை நாள்தோறும் துலக்கிக் குணப்படுத்திவிடலாம். ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பும் நார்த்திசுவும் கரையத் தொடங்கிவிட்டால் இழந்ததை மீட்க இயலாது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காக்க வேண்டிய கருவி, அந்த எல்லை அமைந்த இடத்தையே தொடாமல் செல்வது மன்னிக்கத்தக்க குறை அன்று. கையில் வியர்வையோ உமிழ்நீரோ பட்டால் உறை தளர்ந்து வழுவுவதும், கழன்ற உறையை நாய் விழுங்கிவிடக்கூடும் என்பதும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டியவை.

தென்பாண்டிச் சீமையில் இக்குறை கூடுதல் கனம் பெறுவதற்குக் காரணம் உண்டு. இறுகிய காரையை முறையாக அகற்ற, கால்நடை மருத்துவர் நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, மீயொலிக் கருவியால் ஈற்றின் கீழும் சுத்தம் செய்ய வேண்டும். மேலைநாட்டு வேட்டை நாயான கிரேஹவுண்ட், தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகளிலிருந்து மற்ற நாய்களைவிடத் தாமதமாகவே மீள்கிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதும், கல்லீரல் அம்மருந்தை மெதுவாகவே சிதைக்கிறது என்பதும் அதற்கான காரணங்கள். அதே ஒல்லியான உடலமைப்புக் கொண்ட சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் மயக்கம் கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை என்று கருதுவதே பாதுகாப்பானது. மேலும், இலண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு மேற்கொண்ட ஆய்வில், கிரேஹவுண்டுகளிடம் மிகுதியாகப் பதிவான நோய் பல் நோய்தான்; ஏறத்தாழ 39 விழுக்காட்டு நாய்களுக்கு அது இருந்தது. தயிர்சோறும் கூழும் உண்டு வளரும் இவ்வட்டார வேட்டை நாயிடம் பல்லை உரசித் துடைக்கும் கடினமான உணவும் குறைவு என்பதால், வீட்டுத் துலக்கல் இங்கே ஆடம்பரம் அன்று.

தொகுப்பின் மற்றொரு பகுதியான பற்பசை முழுமையான பாராட்டுக்குரியது. நல்ல பசைகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், லாக்டோபெராக்சிடேஸ் என்னும் இரு நொதிகள் உள்ளன. முதலாவது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, இரண்டாவது அதைக் கொண்டு உமிழ்நீரிலுள்ள ஒரு சேர்மத்தை நுண்ணுயிர்களை அடக்கும் பொருளாக மாற்றுகிறது. நுரை இல்லாததால் துப்பத் தெரியாத நாய் இதை விழுங்கினாலும் கேடில்லை. கோழி மணம் இருப்பதால் குழாயைத் திறக்கும் ஓசைக்கே நாய் ஓடி வருகிறது. நொதிகள் வெப்பத்தால் வலுவிழப்பவை ஆதலால், சித்திரை வெயிலில் வாகனத்துக்குள்ளும் சன்னல் ஓரத்திலும் குழாயை விட்டுவைக்கக் கூடாது. மனிதப் பற்பசையை நாய்க்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்கு ஆகாதவை. சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிடால், நாயின் உடலில் இன்சுலினை வெள்ளமாகச் சுரக்கச் செய்து இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இருமுனைப் பிரஷின் பெரிய தலை மிகப் பெரியது; சிறிய தலை பயன்படுகிறது, ஆயினும் அதன் கழுத்து தடித்திருக்கிறது. எதிர்பாராத நிறைவை அளித்தது பெட்டியில் இல்லாத ஒரு பொருள்: மூலைக்கடைகளிலும் கிடைக்கும், குழந்தைகளுக்கான மிக மென்மையான சிறிய பிரஷ். அதன் தட்டையான கழுத்து, வாயைத் திறக்காமலேயே உதட்டின் ஓரமாக நுழைந்து மேற்கடைவாயை எட்டிவிடுகிறது. இழைகளை ஈற்றை நோக்கி 45 பாகைச் சாய்வில் பிடித்து, சிறு வட்டங்களாக ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் துலக்கினால் போதுமானது. பற்களின் உட்புறத்தை நாக்கு ஓரளவு துடைத்துக்கொள்வதால் வெளிப்புறத்துக்கே முதலிடம் தரலாம்.

சில தொகுப்புகளில் காரையைச் சுரண்டுவதற்கென்று கூரிய எஃகுக் கொக்கி ஒன்றும் சேர்த்து விற்கப்படுகிறது. விழித்திருக்கும் நாயின் வாயில் அதைச் செலுத்துவது கொடுமை. ஈற்றைக் கிழிப்பதோடு பல்லின் எனாமலில் கீறல்களை உண்டாக்கி, அடுத்த படலம் இன்னும் விரைவாகப் பற்றிக்கொள்ள வழிவகுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் காரை போய்விட்டதால் ஈற்றின் கீழுள்ள நோயும் போய்விட்டதாக உரிமையாளர் நம்பிவிடுவது அதனினும் பெரிய தீங்கு. எலும்பு கடித்தால் பல் தானே துலங்கும் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. கறிக்கடையின் தடித்த தொடை எலும்பு, துலங்க வேண்டிய அதே நான்காம் பல்லைப் பிளந்துவிடுகிறது; வேகவைத்த கோழி எலும்போ கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் தைக்கிறது. நகத்தால் அழுத்தினால் சிறிதும் அமுங்காத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதிருப்பதே நல்லது.

எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாயின் உமிழ்நீர் வழியாகவே வெறிநோய் பரவுவதால், தவறாமல் தடுப்பூசி போடப்பட்ட நாயின் வாயில் மட்டுமே கை வைக்க வேண்டும். விரலில் வெட்டுக்காயம் இருக்கும் நாள்களில் துலக்கலைத் தள்ளிப்போடுவது நன்று. வாய் நாற்றம், ஈற்றில் இரத்தம், ஒரு பக்கமாக மட்டும் மெல்லுதல் ஆகியவை தென்பட்டால் பிரஷை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இராமையன்பட்டியில் இருப்பது நெல்லை வட்டாரத்தாருக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு.

எனவே இத்தகைய தொகுப்பு வாங்கத்தக்கதா என்றால், அதிலுள்ள பசைக்காக வாங்கலாம். விரல் உறையைத் துலக்கும் கருவியாக அன்றி, வாயைத் தொட விடுவதற்கு நாயைப் பழக்கும் கருவியாக முதற்சில நாள்களுக்கு மட்டும் கொள்ளலாம். அப்பணியை அது நன்றாகவே செய்கிறது. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடியும் ஏழாம் மாதத்துக்குள் குட்டியை உறையிலிருந்து பிரஷுக்கு மாற்றிவிட வேண்டும். அட்டைப்படத்தில் குறுமுகத்துச் சிறுநாயை அச்சிடும் உற்பத்தியாளர்கள், நீள்முகவாய் கொண்ட இந்திய நாய்களை மனத்தில் கொண்டு மெல்லிய கழுத்துள்ள ஒரு பிரஷைச் சேர்க்கும்வரை, சிப்பிப்பாறையின் கடைவாயைக் காக்கும் பொறுப்பு குழந்தைகளின் பிரஷுக்கும் அதைச் சலிக்காமல் நாள்தோறும் பிடிக்கும் கைக்குமே உரியது.