எட்டு வாட் ஜாதகம்

1938-ல் வந்த 300பி வால்வின் மேல் இன்னும் பலருக்குக் காதல். சேனலுக்கு ஒரு வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரில் கிடைப்பது எட்டு வாட்தான். அதில் போய் பிபிசி வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரை மாட்டுகிறார்கள். குரலுக்கு அருமையான குட்டிப் பெட்டி, ஆனால் சோம்பேறி. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 83 டெசிபல். கிளிப்ஷ்ஹார்ன் அதே வாட்டில் நூறைத் தாண்டும்.

மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். கணக்குப் போட்டால் எட்டு வாட் நானூறாகிறது. அதற்குள் குட்டி கருகிவிடும்!

ஹார்னிலும் குறை உண்டு. நாலடி உயரம், அறையில் இரண்டு மூலைகளைக் கேட்கும். பாடகர் சில சமயம் கையைக் குவித்துக் கூப்பிடுவார். இருந்தும் டிரம் அடித்தால் அடி விழுகிறது.

வால்வுக்கு லட்சம் கொடுக்குமுன் ஸ்பீக்கரின் டெசிபலைப் பாருங்க. பொருத்தம் அங்கேதான்.