கொள்ளைப் படத்தில் இல்லாத ஆட்கள்

2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து கிளம்பிய எழும்பூர் எக்ஸ்பிரஸ் விழுப்புரம் சந்திப்பைத் தாண்டியபோது, அதன் ஒரு பெட்டியின் கூரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. திண்டிவனம், செங்கல்பட்டு கடந்து எழும்பூர் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை ரிசர்வ் வங்கிக்காரர்கள் வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உள்ளே இருந்தவை சேலத்து வங்கிகள் திருப்பி அனுப்பிய பழைய, அழுக்கேறிய நோட்டுகள். மரப்பெட்டிகளில் சுமார் 342 கோடி ரூபாய், போனது 5.78 கோடி. காவலுக்கு வந்த போலீசார் பக்கத்துப் பெட்டியில்தான் இருந்தார்கள்.

திட்டத்தின் அழகு ஒரு ரயில்வே விவரத்தில் இருந்தது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அன்று மின்பாதை கிடையாது, டீசல் எஞ்சின்தான். விருத்தாசலத்தைத் தாண்டிச் சென்னைப் பக்கம் வந்தால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடும். கூரையில் நிமிர்ந்து நின்றால் ஆள் காலி. ஆகவே சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே வண்டி நிற்காமல் ஓடும் நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பேட்டரியில் ஓடும் கட்டரால் தகட்டை அறுத்தார்கள், பெட்டிகளை உடைத்தார்கள், கட்டுகளை லுங்கியில் மூட்டை கட்டித் தண்டவாளத்து ஓரம் காத்திருந்த கூட்டாளிகளிடம் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்த சிபிசிஐடி சொன்ன கதை இது. அதற்குள் 2016 நவம்பர் 8 வந்துபோயிருந்தது. கொள்ளை நடந்து சரியாக மூன்றாம் மாதம், ஒரே ராத்திரியில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. செலவழித்தது போக மிச்சமெல்லாம் வெறும் காகிதம்.

இந்த முடிவை எழுதிக்கொண்டு போய்க் கதை சொன்னால் எந்தத் தயாரிப்பாளரும் ‘லாஜிக் உதைக்குதே சார்’ என்றுதான் சொல்வார். தமிழ்க் கொள்ளைப் படத்தின் திருப்பங்கள் வேறு வகை. திட்டம் எப்படிப் பிசகியது என்பதைவிட, உண்மையான திருடன் யார் என்பதில்தான் நம் ஆட்களுக்கு ருசி அதிகம்.

அந்த ருசிக்கு வயது எழுபதுக்கு மேல். 1954இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’. பணக்காரர்களைக் கொள்ளையடிக்கும் எம்.ஜி.ஆர்., ஊருக்குள் வியாபாரி வேஷத்தில் உலவுகிறவரும் அவரே. இன்னொன்று, எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரை ஒட்டி நடக்கும் கதை. விழுப்புரம் சின்னையா கணேசன், அதாவது சிவாஜி, முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுகிறார். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பார்க்காதவர்கள் மன்னிக்கட்டும்: செத்தவன் தேசத்துரோகி, துப்பாக்கி மனைவியின் கையில் இருந்தது. ‘மலைக்கள்ளன்’ தந்தது நல்ல திருடன். ‘அந்த நாள்’ தந்தது நம்பிய ஆளே கெட்டவனாக மாறும் அதிர்ச்சி. பின்னால் வந்த வங்கிக் கொள்ளைப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்து கட்டியவைதான்.

ஷங்கரின் ‘ஜென்டில்மேன்’ (1993) முதல் சரக்கைப் பெரிய அளவில் விற்றது. திருடிய பணத்துக்குக் கல்வி என்ற நியாயம் கிடைத்தது. சக்தி சௌந்தர் ராஜனின் ‘நாணயம்’ (2010) வங்கியின் பெட்டகத்துக்குள்ளேயே போனது. உடைக்க முடியாத பெட்டகத்தைக் கட்டியவனையே அதை உடைக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள். கருவாக நல்ல கரு, பேசியவர்கள் குறைவு. மறு வருஷம் வெங்கட் பிரபுவின் ‘மங்காத்தா’, கிரிக்கெட் சூதாட்டப் பணம் 500 கோடியை வைத்துக்கொண்டு, நல்ல திருடன் என்ற வழக்கத்தையே தூக்கிப் போட்டது. அஜித் கடைசிவரை கெட்டவர். துரத்திய போலீஸ் அதிகாரியும் கூட்டு. ‘ராஜதந்திரம்’ (2015) சத்தமில்லாமல் வந்து போனது. சில்லறை மோசடிக்காரர்கள் நகைக்கடைக்குக் குறி வைக்கும் அந்தப் படத்தில், திருடுவதும் ஒரு வேலை, அதற்கும் அலுப்பும் கணக்கும் உண்டு என்பது தெரியும். பிரெஞ்சில் ழூல் தாசன் 1955இல் ‘ரிஃபிஃபி’ எடுத்தபோது சுமார் அரை மணி நேரம் வசனமும் இசையும் இல்லாமல் வெறும் வேலையைக் காட்டினார். அந்தப் பொறுமை நம் திரையரங்குக்கு ஆகாது என்பது கோடம்பாக்கத்துக் கணிப்பு. சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எச். வினோத்தின் ‘துணிவு’ (2023) இந்த வரிசையில் தனித்து நிற்பதற்குக் காரணம் துப்பாக்கிச் சத்தமல்ல. ஹைதராபாத்தில் போட்ட அண்ணா சாலை செட்டில், ஒரே வங்கிக்குள் ஒரு கொள்ளைக்குள் இன்னொரு கொள்ளை என்று முதல் பாதி அடுக்கிக்கொண்டே போகும். இடைவேளைக்குப் பிறகு கேமரா கவுன்டர் பக்கம் திரும்புகிறது. வைப்புநிதி போட வந்தவரை மியூச்சுவல் ஃபண்டில் கையெழுத்து வாங்கி அனுப்பும் ஊழியர், அவர் தலைமேல் இலக்கு நிர்ணயிக்கும் மேலாளர், அவருக்கும் மேலே தலைவர். மிகப் பெரிய கொள்ளைக்காரர் வங்கிதான் என்பது படத்தின் கடைசித் திருப்பம். பிரசங்கம் கொஞ்சம் நீளம், மறுக்கவில்லை. ஆனால் ‘சதுரங்க வேட்டை’யில் மண்ணுளிப் பாம்பு விற்றவரின் கதையை எழுதிய அதே கை, கோட்டு போட்ட மோசடியையும் எழுதியிருக்கிறது. வெறும் கதாநாயகப் படமாக இதைத் தள்ளிவிட முடியாதது அதனால்தான்.

‘துணிவு’ வெளியாவதற்கு ஐந்து மாதம் முன்பு நிஜத்தில் ஒன்று நடந்திருந்தது. 2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளையில் முப்பது கிலோவுக்கு மேல் தங்கம் போனது. அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் வேலை பார்த்தவர் மீதுதான் வழக்கு. காவலாளிக்குக் குளிர்பானத்தில் மயக்கமருந்து கலந்து கொடுத்தார்கள் என்றது போலீஸ். சில நாளில் நகை மொத்தமும் கிடைத்துவிட்டது. அதில் சுமார் மூன்றரை கிலோ கிடைத்த இடம், திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே அச்சிறுபாக்கம் காவல்நிலைய ஆய்வாளரின் வீடு என்று போலீசே அறிவித்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ‘மங்காத்தா’வின் கிளைமாக்ஸ் பதினோரு வருஷம் கழித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்த மாதிரி இருந்தது.

இந்த நிஜக் கொள்ளைகளில் இருந்து, படங்களில் இல்லாத ஒரு ஆள் மட்டும் எனக்குத் தெரிகிறார்: நகையை வைத்தவர். நம் ஊர் வங்கிக் கிளையில் இரும்புப் பெட்டகத்துக்குள் அதிகம் இருப்பது கரன்சி அல்ல, ஜனங்களின் கழுத்தும் காதும். திண்டிவனம், விக்கிரவாண்டிப் பக்கம் மணிலா விதைப்புக்கும் கரும்பு வெட்டுக் கூலிக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் நகை கிளைக்குப் போகும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து ஆசிட் சொட்டு விட்டுப் பார்ப்பார், கல்லுக்கு எடை கழிப்பார். பையில் போட்டு சீல் வைத்து, இரண்டு பேர் சாவி போட்டால்தான் திறக்கும் பெட்டகத்தில் வைப்பார்கள். கையில் ஒரு சீட்டு வரும். அறுவடை முடிந்து ‘நகையை மூட்டிட்டு வந்துட்டோம்’ என்று சொல்கிற நாளில் அந்த வீட்டில் ஒரு தனிக் களை தெரியும். நடுவில் அந்தக் கிளையில் ஓட்டை விழுந்தால்?

2021 ஜனவரியில் ஓசூரில் 25 கிலோ அடகு நகையைத் துப்பாக்கி முனையில் அள்ளிய கும்பல், நகையோடு போன ஜி.பி.எஸ். கருவியால் மறுநாளே ஹைதராபாத் அருகே சிக்கியது. செய்தி அதோடு முடிந்தது; நகைக்காரருக்கு முடியவில்லை. மீட்ட நகை முதலில் வழக்குச் சொத்து. இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவு, இன்று புதிய சட்டத்தில் 497. எந்தப் பையில் எந்த வளையல், சீட்டில் எழுதிய எடை பொருந்துகிறதா என்று சரிபார்த்து, படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிய பிறகே நகை நிறுவனத்துக்குத் திரும்பும். கடனைக் கட்டி அதை மூட்டுவது அப்புறம்.

கொள்ளைக்காரன் மாட்டிய நிமிஷத்தில் நம் படங்களில் விளக்கு போட்டுவிடுகிறார்கள். கல்யாணத் தேதி குறித்துவிட்டு, தன் ஆறு பவுன் செயின் எந்தப் பையில் இருக்கிறதென்று கேட்டு ஓர் அம்மா கிளைக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் அந்த இரண்டாம் பாதியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.