துளைத்த மூங்கிலும் பிளந்த மூங்கிலும்

செஞ்சிக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம், 'இது தோற்கருவிதானே' என்று எம்.ஏ. படித்த தோரணையில் கேட்டுவைத்தேன். இடக்கையிலிருந்த மூங்கில் சிம்பைக் காட்டி, "இது பேசலன்னா தோலு ஊமதான் தம்பி" என்றார். அந்தச் சிம்புக்கு நம் இசைச் சொல்லாடலில் இடம் எங்கே?

தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று கருவிகளைப் பகுத்துப் படித்தவர்கள் நாம். இந்தப் பகுப்பில் மூங்கிலுக்கு ஒரே கதிதான்: துளைபட்டுக் குழலாவது. பிளந்து தட்டுகிற மூங்கிலுக்கு வகையே இல்லை. ஆனால் பிரதிகளில் அது இருக்கிறது. தட்டை. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டக் கையிலெடுப்பது. மூங்கிலை நறுக்கி, பலவாகப் பிளந்து, ஓசை எழத் தட்டுவது என்று செய்முறையையே பொருளாகத் தருகிறார் நச்சினார்க்கினியர். செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். அவ்வூர் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் முழவு, தூம்பு, குழலோடு தட்டை என்ற பெயரையும் சேர்த்தே சொல்கிறது. புனத்து வேலைக்கும் கூத்துக்கும் ஒரே சொல் போதுமாயிருந்திருக்கிறது.

பிறகு துளைத்த மூங்கில் கண்ணன் கைக்குப் போயிற்று. சரப சாஸ்திரி (1872–1904) வழியே கச்சேரி மேடையும் ஏறிற்று. பிளந்த மூங்கில் பறையோடு சாவு வீட்டு வாசலில் நின்றது. 1943இல் எழுந்த தமிழிசைச் சங்கம் முதன்மையாகக் கேட்டது பாட்டின் மொழியை; கருவியின் சாதியை அல்ல.

மிருதங்கமும் தோல்தானே என்று கேட்கலாம். சரிதான். அங்கே விரல் தெரிகிறது, தோல் மறைகிறது. இங்கே தோல் மட்டும் தெரிகிறது, கை மறைகிறது. 'தோற்கருவி' என்கிற அப்பாவி வகைப்பெயருக்குள் இந்தப் பார்வையின் அரசியல் ஒளிந்திருக்கிறது. மூங்கிலைக் காட்டித் தீட்டைக் கழுவ நான் வரவில்லை. தோலுக்காக வெட்கப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. வாசிப்பவரின் அறிவை மறைப்பதுதான் என் பிரச்சினை.

பாலித் தீவின் மேற்கே ஜெம்ப்ரானாவில் 'ஜெகோக்' என்று பெரிய மூங்கில் குழாய்களாலான இசைக்குழு உண்டு. ஒரே மெட்டை இருவர் பங்கிட்டு அடிக்கிறார்கள். ஒரு பங்கு 'போலோஸ்', அதன் இடைவெளிகளை நிரப்பும் பங்கு 'சங்சி'. இட்டு நிரப்புகிறவருக்கும் அங்கே இசையியலில் பெயர் இருக்கிறது. நம்மிடமும் இல்லாமலில்லை: வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிம்புக்குச்சி. சில ஊர்களில் சிண்டு, சுண்டு என்பார்கள். அவை வாசிப்பவர் வாயில் இருக்கின்றன; பாடநூலில் இல்லை.

1990களின் தலித் கலை விழாக்கள் பறையை எதிர்ப்பின் குரலாக மேடையேற்றின. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறை மேடை ஏறியாயிற்று. அதன் சொற்கள் ஏறினவா? அடிக்கிறவர் சொல்லும் சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்காத வரை, நாம் கைதட்டுவது தோலுக்கு மட்டும்தான்.