மாமியாரைக் கேட்காத மதிப்பீடு

2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் குலுக்கல் முறைச் சோதனைகளுக்காகப் பொருளாதார நோபல் கிடைத்த பிறகு, திட்ட மதிப்பீடு என்றாலே அந்த முறைதான் என்றாகிவிட்டது. திட்டம் போகும் ஊர், போகாத ஊர் எது என்பதைக் குலுக்கிப் பிரித்தால், செழிப்பான ஊராகப் பொறுக்கி எடுத்துக் கணக்குக் காட்டும் வேலை நடக்காது. பெரிய ஆதாயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பலன் இருந்ததா என்று அளப்பதில் காட்டும் கறாரை, எதனால் என்று கேட்பதில் இந்த முறையைப் பின்பற்றுபவர்கள் காட்டுவதில்லை.

1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதாமாதம் குழந்தையை எடை போட்டு அட்டையில் குறிப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தாய்க்கு அறிவுரை. கடும் ஊட்டக்குறைவு குறைந்தது, திட்டமும் பெயரெடுத்தது. அதையே மாதிரியாகக் கொண்டு 1995-இல் வங்கதேசத்தில் ஒரு திட்டம் வந்தது. அங்கே பலன் சொற்பம். உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே 2005-இல் இதைச் சொன்னது. காரணம், அங்கே கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன உணவு என்பது மாமியார் கையில். சந்தைக்குப் போவது ஆண்கள். அறிவுரை கேட்ட தாயிடம் அகப்பையும் இல்லை, காசும் இல்லை. தத்துவப் பேராசிரியர் நான்சி கார்ட்ரைட் இந்த உதாரணத்தைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியும், குலுக்கல் அன்பர்கள் காதில் அது ஏறவில்லை.

அந்தத் தமிழ்நாட்டுத் திட்டத்தில் குலுக்கல் நடக்கவில்லையே என்பார்கள். நடந்திருந்தால் இங்கே கிடைத்த எண் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும். வங்கதேசத்து மாமியார் அப்போதும் அதில் தென்பட்டிருக்க மாட்டார். பல நாடுகளில் திரும்பச் சோதித்தால் போதும் என்பது அடுத்த வாதம். ஆறு நாடுகளில் சோதித்தாலும், ஏழாவது நாட்டில் அடுப்படி யார் பொறுப்பு என்று ஒருவர் நேரில் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் எடை போடும் பணியாளர். அவரிடமோ பதிவேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். குழந்தை ஏன் தேறவில்லை என்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

மதிப்பீட்டுக்கு டெண்டர் விடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: புள்ளியியல் நிபுணரைக் கூப்பிடும் முன், அந்தப் பணியாளர்களை உட்காரவைத்து இரண்டு நாள் பேசுங்கள். எதை அளக்கவேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.