சாமையும் குச்சிக்கிழங்கும்: கொல்லிமலை தரும் பாடம்

கொல்லிமலைக்குப் போகும் புகழ்பெற்ற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவையே காலங்காலமாகச் சோறு. பின்னர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களை மீட்கப் பயிற்சியும் உதவியும் அளித்துவந்துள்ளது. மலை உழவருக்குக் கைகொடுக்கும் முயற்சிகளில் எது பலிக்கிறது, எது சறுக்குகிறது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாமையின் அருமை தெரியாமல் உழவர் அதைக் கைவிடவில்லை. கிழங்கை வாங்கிக்கொள்ள மலையடிவாரத்துக்கு அப்பால் ஜவ்வரிசி (சேகோ) ஆலைகள் இருந்தன. கையில் காசு புரண்டது. சோற்றுக்கு ரேஷன் அரிசி வந்தது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் சத்துணவுப் பாடம் நடத்தினால் யார் காதில் ஏறும்?

சுவாமிநாதன் நிறுவன முயற்சியின் பெரிய பலம், அடுக்களையின் பாரத்தைக் கண்டுகொண்டதுதான். சாமை மணி மிகச் சிறியது. உமி இறுக ஒட்டியிருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் இட வேண்டும். உலக்கை பிடித்த கைகள் எல்லாம் பெண்களுடையவை. உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊரிலேயே நிறுவி, மகளிர் குழுக்களே நடத்தப் பழக்கியபோது அந்தப் பாரம் குறைந்தது. குறைந்த விதையில் வரிசை விதைப்பு, ஊர் விதை வங்கி ஆகியவையும் உழவர் ஏற்கெனவே அறிந்தவற்றின் மேல் எழுந்தவை. அதனால் அவை அந்நியமாகப் படவில்லை.

குறை சந்தையில் தொடங்குகிறது. மாவாக்கிப் பொட்டலம் கட்டக் கற்றுத்தரலாம். வாங்குபவரை வகுப்பில் உருவாக்க முடியாது. மானாவாரிச் சிறு நிலங்களின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும்; கடைக்காரரோ மாதந்தோறும் ஒரே அளவு கேட்பார். பொட்டலம் கட்டுவதும் கணக்கு எழுதுவதும் வீட்டுவேலையோடு பெண்கள் தலையில்தான் விழுகின்றன. திட்டத்தின் நிதி நின்ற பிறகு எந்திரம் பழுதானால் செலவு யாருடையது? நாட்டுக்கே சொந்தமான விதைச் செல்வத்தைக் காக்கும் சுமையை ஏழை உழவரிடம் மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை.

இந்த இடத்தில் அரசு வர வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கப்பட்டது. கொல்லிமலைச் சாமைக்கும் அப்படி ஒரு நிலையான கொள்முதல் வேண்டும். பயிற்சி விளைச்சலைக் கூட்டும். விலைக்கு உறுதி சொல்ல அதனால் இயலாது. எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற பட்டியலை வைத்து வெற்றியை அளக்க வேண்டாம். அடுத்த விதைப்பின்போது, கிழங்குக்கு என்று ஒதுக்கிய நிலத்தில் ஒரு துண்டையாவது உழவர் மனமுவந்து சாமைக்கு விடுகிறாரா என்று பார்ப்போம்.