பழைய டாங்கோவின் மெட்டுக்காரர்கள்

டாங்கோ என்றால் முதலில் நடனம் நினைவுக்கு வரும். பிறகு கார்லோஸ் கார்தேலின் குரல், அதற்குப் பிறகு பியாசோலா. மெட்டுப் போட்ட பழைய ஆட்களுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. புவெனஸ் அயர்ஸின் நடனக்கூடங்களில் இன்றும் சுழலும் இசைத்தட்டுகள் பெரும்பாலும் 1930களிலிருந்து 50கள் வரை பதிவானவை. அவற்றில் ஒலிக்கும் மெட்டுகள் பலவற்றுக்கோ அப்போதே இருபது, முப்பது வயது ஆகியிருந்தது. இசைக்குழுக்களைப் பெயர் சொல்லி ரசிக்கிறோம். அவர்கள் கையில் எடுத்த மெட்டு யாருடையது என்று கேட்பதில்லை.

1920க்கு முந்தைய அந்தக் காலத்தைப் ‘பழைய காவலர்’ காலம் என்பார்கள். அந்த மெட்டுகள் அச்சில் வந்தபோது ஒரு சில பக்கப் பியானோத் தாள்கள், அவ்வளவுதான். பந்தற்கால் நட்டது போல மெட்டை நட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த துணியைக் கட்டிக்கொண்டது. எதைக் கட்டினாலும் கால் தாங்கியது என்பதில்தான் அவர்களின் திறமை இருக்கிறது.

1897இல் ரோசெந்தோ மெந்திசாபல் இயற்றிய ‘எல் எந்த்ரெரியானோ’வைக் கேளுங்கள். மெந்திசாபல் ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த பியானோ கலைஞர். பணக்காரர்கள் நடனமாட வந்துபோகும் விடுதிகளில் இரவு முழுக்க வாசித்துப் பிழைத்தவர். இந்த மெட்டுக்கு மூன்று பகுதிகள். பழைய டாங்கோக்களில் நிறைய இந்த அச்சில் வார்த்தவைதான். முதல் பகுதி ஆளை இழுக்கும், இரண்டாவது முரண்டு பிடிக்கும், மூன்றாவது திடீரென்று முகம் மாறி வேறு சுருதியில் சிரிக்கும். கீழே இடது கை ஹபனேரா தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். பாட்டு வரிகள் தேவையே இல்லை. ஆடுகிறவர்களுக்கு மூன்று மனநிலைகள் கிடைத்துவிடுகின்றன.

ஆன்ஹெல் வியோல்தோவின் ‘எல் சோக்ளோ’ 1903இல் அரங்கேறியது ஒரு நாகரிக உணவகத்தில். அங்கே டாங்கோ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் நிகழ்ச்சி நிரலில் அதை ‘உள்நாட்டு நடனம்’ என்று போட்டு வாசித்தார்களாம். வந்தவர்கள் என்ன பெயரில் கேட்டால் என்ன, மெட்டு மெட்டுதான். பொடிப்பொடிச் சுரங்கள் மூச்சு விடாமல் ஓடி வந்து, வரி முடியும் இடத்தில் சட்டென்று கால் ஊன்றி நிற்கும். அந்த நிற்றலை எந்தக் குழுவாலும் கெடுக்க முடியவில்லை. இன்று பாடப்படும் வரிகளை என்ரிக்கே சாந்தோஸ் திசேப்போலோ எழுதியது 1940களில். நாற்பதாண்டு கழித்து வந்த வரிகள் என்பதாலோ என்னவோ, அவை மெட்டைப் பற்றியே பேசுகின்றன. நல்ல வரிகள்தான். ஆனாலும் வரி இல்லாத பதிவையே நான் தேடிப் போகிறேன்.

ஆரம்பத்தில் புல்லாங்குழல், வயலின், கிட்டார் என்று மூன்று பேர் இருந்தால் போதும், டாங்கோ துள்ளும். பிறகு ஜெர்மனியிலிருந்து பண்டோனியோன் வந்து சேர்ந்தது. அது துருத்தி வைத்த பெட்டி. பெரும்பாலான பொத்தான்களில் விரிக்கும்போது ஒரு சுரம், சுருக்கும்போது வேறொரு சுரம். வாசிக்கக் கற்பது பெரும்பாடு. அதன் தடித்த, இழுத்துப் பேசும் குரலுக்குப் பழைய வேகம் ஒத்துவரவில்லை. டாங்கோ நிதானப்பட்டது, புல்லாங்குழல் மெல்ல ஒதுங்கியது. மெட்டு போடுகிறவர்களும் நீண்ட சுரங்களை எழுதத் துணிந்தார்கள். இசைக்கருவி மாறினால் கற்பனையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

‘லா கும்பர்சீத்தா’வைப் பேசாமல் நகர முடியாது. உருகுவேயின் மாண்டிவிடியோவில் ஹெரார்தோ மாத்தோஸ் ரோத்ரிகேஸ் என்ற இளம் கட்டடக்கலை மாணவர், மாணவர் சங்கத் திருவிழா ஊர்வலத்துக்காக ஒரு அணிநடை மெட்டு போட்டார். அது ரொபெர்த்தோ ஃபிர்ப்போவின் கைக்குப் போனது. ஊரில் லா ஹிரால்தா என்ற காபிக்கடையில் வாசித்துக்கொண்டிருந்த பியானோ கலைஞர் அவர். மெட்டு மெலிந்திருப்பதைப் பார்த்து, தன் பழைய டாங்கோக்களிலிருந்து சில துண்டுகளைச் சேர்த்து டாங்கோவாக்கியதாக ஃபிர்ப்போ பின்னாளில் சொன்னார். மாணவரோ உரிமையைப் பதிப்பகத்துக்கு அற்ப விலைக்கு விற்றுவிட்டார். 1924இல் பாஸ்குவால் கொந்துர்சியும் என்ரிக்கே மரோனியும் அவரைக் கேட்காமலே வரிகள் எழுதிச் சேர்க்க, அது உலகமெங்கும் பரவியது, வழக்கும் தொடர்ந்தது. 1997இல் உருகுவே அதைச் சட்டம் போட்டுத் தன் பண்பாட்டுக் கீதமாக்கியது.

இத்தனை புகழுக்குள்ளும் அந்த மெட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள், வியப்பாக இருக்கும். நான்கு சுரம், ஒரு இடைவெளி, பதில் போல இன்னொரு சிறு வரி. ஏறக்குறைய வெறும் எலும்பு. ஆனால் அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு குழுவும் குடியேறியது. ஒருவர் அங்கே வயலினில் எதிர்மெட்டு பாடவிட்டார். இன்னொருவர் பண்டோனியோன்களை அடைமழையாகக் கொட்டவிட்டார். இது மிகச் சிறந்த டாங்கோ என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் இத்தனை பேருக்கு இடம் கொடுத்த டாங்கோ வேறு இல்லை.

சிறந்தது எது என்று கேட்டால் நான் அகுஸ்தின் பார்தியிடம் போவேன். பகலில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். இசையையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. ‘காயோ சியேகோ’, ‘தின்தா வெர்தே’, ‘கே நோச்சே’ என்று அவர் போட்ட ஒவ்வொன்றிலும் வரி எங்கே திரும்பும் என்று ஊகிக்க முடியாது. திரும்பிய பிறகோ வேறெப்படியும் திரும்பியிருக்க முடியாது என்று தோன்றும். ‘கே நோச்சே’, 1918இல் புவெனஸ் அயர்ஸில் பனி கொட்டிய அபூர்வமான இரவில் பிறந்தது என்பார்கள். மெட்டில் குளிரின் சுவடே இல்லை. வீட்டுக்குப் போகும் அவசரம்தான் தெரிகிறது.

எதுவார்தோ அரோலாஸ் வேறு ரகம். பண்டோனியோன் வாசிப்பில் ‘புலி’ என்று பெயர் வாங்கியவர். 1909இல் முதல் டாங்கோவைப் போட்டபோது அவருக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது. 1924இல் பாரிசில் இறந்தபோது வயது 32. ‘தெரேச்சோ வியெஹோ’வில் முறைப்போடு நடக்கிறவர், ‘லா கச்சீலா’வில் அப்படியே நெகிழ்ந்துவிடுகிறார். பண்டோனியோன் மேதை அனீபல் த்ரோய்லோ 1938இல் தன் இசைக்குழுவுடன் முதல் தட்டைப் பதிவு செய்தபோது ஒரு பக்கத்துக்கு அரோலாஸின் ‘கொம் இல் ஃபோ’, மறுபக்கத்துக்குப் பார்தியின் ‘தின்தா வெர்தே’. தேர்வைப் பார்த்தாலே அவர் யாரை ஆசானாக நினைத்தார் என்று விளங்கும்.

1917இல் கார்தேல் ‘மி நோச்சே த்ரிஸ்தே’யைப் பாடிய பிறகு டாங்கோ கதை சொல்லத் தொடங்கியது. கைவிடப்பட்ட ஆண், காலி அறை, கிட்டார். மெட்டு வரிகளைச் சுமக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது பகுதி காலப்போக்கில் கழன்று விழுந்தது. பெரிய பாடல்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் முகம் மாறிச் சிரிக்கும் அந்த மூன்றாம் பகுதியை இழந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1910களின் பழைய தட்டுகளில் தொடங்க வேண்டாம். ஊதுகுழல் வழியே பதிவான அவற்றின் கரகரப்பு பொறுமையைச் சோதிக்கும். 1935க்குப் பிறகு ஹுவான் தாரியென்சோ பழைய மெட்டுகளைத் தூசி தட்டி, பழைய துள்ளலோடு இளைஞர்களை மறுபடி தளத்துக்கு இழுத்தார். அங்கே தொடங்கலாம். அடுத்து கார்லோஸ் தி சார்லி. ஃபிர்ப்போவின் ‘எல் அமனேசெர்’, அதாவது விடியல், என்ற டாங்கோவை அவர் 1942, 1951, 1954 என்று மூன்று முறை பதிவு செய்தார். மெட்டுக்குள்ளேயே வயலின் பறவையாகக் கூவும் இடம் உண்டு. பிந்தைய பதிவுகளில் நடை தளர்ந்து, வயலின்கள் பெருகி, ஒலி பளபளக்கிறது. ரசிகர்கள் பலர் அவற்றைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு 1942தான். அதில் பறவைக்கு அவசரம் அதிகம், அலங்காரம் குறைவு. ஃபிர்ப்போ போட்ட மெட்டு காதில் நேராக விழுகிறது.